"கண்டி" என்று சொல்லிப் பழகிய நாக்கு

வாசகர் கடிதம்:

எனக்கு 36 வயது. கொழும்பில் தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்காளராக வேலை செய்கிறேன். பிறந்தது பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். அப்பா இல்லை. அம்மா நாற்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் வாரம் விடுதியில் ஒருத்தி "எந்த ஊர்?" என்று கேட்டாள். "கண்டி" என்றேன். அன்றிலிருந்து இன்றுவரை எனக்கு ஊர் கண்டிதான். பேச்சையும் மாற்றிக்கொண்டேன். "அவங்க" என்று வாயில் வந்ததை யாழ்ப்பாணத்தவர் போல "அவை" ஆக்கினேன். கணவர் யாழ்ப்பாணத்தவர். அவருக்கு எல்லாம் தெரியும். மாமியிடம் மட்டும், அப்பா தோட்டத்தில் கிளாக்கராக இருந்தவர் என்று சொல்லிவைத்திருக்கிறோம்.

இரண்டு வருடமாக அம்மா எங்களோடு இருக்கிறார். குடிசன மதிப்பீட்டுக்கு வந்த பிள்ளை இனம் கேட்டபோது வீட்டில் எல்லோருக்கும் "இலங்கைத் தமிழர்" என்று நானே சொன்னேன். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா சுளகை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். போன மாதம் என் ஒன்பது வயது மகள், பாடசாலை வான் வண்டியில் வரும் ஒரு பையனைப் பற்றி, "அவன் சரியான தோட்டக்காட்டான் அம்மா" என்று சொல்லிச் சிரித்தாள். அம்மா அங்கேதான் இருந்தார். அந்த இரவிலிருந்து எனக்குச் சரியான உறக்கம் இல்லை. யாராவது ஊரைப் பற்றிப் பேச்செடுத்தால் தொண்டை அடைக்கிறது. அம்மாவோ இன்னும் விடியற்காலை நான்கரைக்கு எழுந்து விளக்குப் போடாமல் உட்கார்ந்திருக்கிறார். தம்பி 2023-இல் முன்னோர் வந்த வழியை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்களோடு நடந்தவன். என்னைத் துரோகி என்கிறான். மகளிடம் உண்மையைச் சொன்னால் எங்கள் இருவரையும் பார்த்து அவள் வெட்கப்படுவாளோ என்று பயமாக இருக்கிறது. இந்த வயதில் இதையெல்லாம் தொடங்கலாமா? எனக்குள் ஏதாவது கோளாறா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். கடைசியாகக் கேட்ட கேள்விக்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குள் கோளாறு ஒன்றும் இல்லை. பத்தொன்பது வயதில் முன்பின் தெரியாத இடத்தில், முன்பின் தெரியாதவர்கள் நடுவில், அடி விழக்கூடும் என்று தெரிந்த பக்கத்தை நீங்கள் கையால் மூடிக்கொண்டீர்கள். அந்தக் கை இன்னும் கீழே இறங்கவில்லை. வலி அங்கேதான் இருக்கிறது.

அடி விழும் என்று நீங்கள் நினைத்தது கற்பனை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவள். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் மலைநாட்டுப் பிள்ளை ஒருத்தி வேலைக்கு நின்றாள். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். அவளுடைய பெயரும் என் அக்காவின் பெயரும் ஒன்றாக இருந்தபடியால், வந்த அன்றே வீட்டில் அவளுக்கு வேறு பெயர் வைத்தார்கள். ஒருவரும் அவளுடைய சம்மதத்தைக் கேட்கவில்லை. அந்தப் பிள்ளை தனக்கு வைத்த பெயருக்கு "ஓம்" என்று திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டாள். அவளுடைய தோட்டம் எது, தாய் யார், எத்தனை சகோதரர் என்று நானும் ஒருநாளும் கேட்டதில்லை. இருபது வருடம் கழித்து, உளவளத்துணையாளராக ஹட்டனில் வேலைக்குப் போன இடத்தில், ஒரு லயத்து வாசலில் தாய் ஒருவர் அந்தப் பிள்ளையின் சொந்தப் பெயரைச் சொல்லித் தன் மகளைக் கூப்பிட்டபோதுதான் அது எனக்கு உறைத்தது. அன்று எனக்கு வந்த வெட்கம் இன்னும் போகவில்லை. நீங்கள் பயந்த வீடு எப்படிப்பட்டது என்று உள்ளே இருந்து பார்த்தவள் நான். அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது.

இப்போது அதன் விலையைப் பார்ப்போம். பதினேழு வருடமாக ஒரு சொல்லைக் காவல் காத்து வருகிறீர்கள். "அவங்க" வாயில் வருவதற்கு முன் அதைப் பிடித்து "அவை" ஆக்க வேண்டும். யாராவது "கண்டியில் எந்தப் பக்கம்?" என்று அடுத்த கேள்வி கேட்டால் ஒரு தெருவின் பெயர் தயாராக இருக்க வேண்டும். அம்மா தொலைபேசியில் பேசினால் அலுவலகத்தில் யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். இவையெல்லாம் தனித்தனியே சின்ன வேலைகள்தான். ஆனால் ஓய்வே இல்லாத வேலைகள். மறைக்கக்கூடிய ஓர் அடையாளத்தை மறைத்து வாழ்கிறவர்களிடம் இந்த ஓயாத எச்சரிக்கையை உளவியலாளர்கள் நெடுநாளாகவே கவனித்து எழுதி வருகிறார்கள். எதிரில் இருப்பவர் அன்பாகப் பழகும்போதுகூட, "உண்மை தெரிந்தால் இப்படிப் பழகுவாரா?" என்ற கேள்வி உள்ளே ஓடிக்கொண்டிருப்பதால், அந்த அன்பு முழுதாக வந்து சேர்வதில்லை. உங்கள் தொண்டை அடைப்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அந்தக் காவலாளிக்குக் களைத்துவிட்டது.

இந்த வயதில் தொடங்கலாமா என்று கேட்கிறீர்கள். "அடையாள நெருக்கடி" என்ற சொல்லை உலகுக்குத் தந்த எரிக் எரிக்சனின் வாழ்க்கையே இதற்கு நல்ல பதில். 1902-இல் ஜெர்மனியின் பிராங்பேர்ட் நகரில் பிறந்தவர். தாய் டென்மார்க்கைச் சேர்ந்த யூதப் பெண். பெற்ற தகப்பன் யார் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. பொன்னிற முடியும் நீலக் கண்ணுமாக இருந்ததால் யூத ஆலயத்துப் பிள்ளைகள் அவரை அந்நியன் என்று கேலி செய்தார்கள். பாடசாலையில் மற்றப் பிள்ளைகள் யூதன் என்று கேலி செய்தார்கள். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற 1939-இல்தான் "எரிக்சன்" என்ற பெயரைத் தானாகச் சூட்டிக்கொண்டார். அப்போது அவருக்கும் ஏறத்தாழ உங்கள் வயதுதான். நான் யார் என்ற கேள்வி இளமையில் உச்சத்துக்கு வரும் என்று அவர் எழுதினார். ஆனால் அதோடு அது முடிந்துவிடும் என்று அவர் எழுதவில்லை.

அவருக்குப் பின் வந்த ஜீன் ஃபின்னி என்ற அமெரிக்க உளவியலாளர், பல இனத்து இளைஞர்களிடம் பேசி, இன அடையாளம் எப்படி உருவாகிறது என்று பார்த்தார். முதலில் அதைப் பற்றி யோசிக்காமலே இருக்கிறோம், அல்லது வெளியார் நம்மைப் பற்றிச் சொல்வதை அப்படியே விழுங்கிவிடுகிறோம். பிறகு ஏதோ ஒன்று நடக்கிறது, தேட ஆரம்பிக்கிறோம். தேடித் தெளிந்தபின் அந்த அடையாளம் நம் கைக்குப் பழகிய பொருளாகிவிடுகிறது. பலருக்கு இந்தத் தேடல் பதினைந்து முதல் இருபத்தைந்து வயதுக்குள் நடக்கிறது. உங்களுக்கு அந்த வயதில் தேட இடமில்லை. ஒளியத்தான் இடமிருந்தது. எனவே அது தள்ளிப்போனது. பிள்ளை பிறப்பது, வீட்டை விட்டு வேறு ஊர் போவது, பெற்றோர் வந்து நம்மோடு தங்குவது அல்லது அவர்கள் இறப்பது, இப்படியான நேரங்களில் மூடிவைத்த கேள்வி தானாகத் திறந்துகொள்வதை என் அறையில் எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு மகளும் தாயும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் கதவு தட்டப்படுகிறது.

தேடினால் மனம் நலமாகிவிடுமா? உள்ளதைச் சொல்கிறேன். இன அடையாளத்துக்கும் மனநலத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய 184 ஆய்வுகளை ஒன்றாக வைத்து 2011-இல் அமெரிக்காவில் ஒரு கணக்குப் பார்த்தார்கள். தன் இனத்தோடு ஒட்டுறவு உள்ளவர்களுக்குத் தன்மதிப்பும் மனநிறைவும் ஓரளவு கூடியிருந்தன. ஓரளவுதான். மனச்சோர்வையும் பதற்றத்தையும் குறைப்பதில் அதன் பங்கு இன்னும் சிறியது. ஆகவே இதை மருந்து என்று சொல்லி உங்களிடம் நீட்ட மாட்டேன். தேடத் தொடங்கிய முதல் சில மாதங்களில் மனம் இன்னும் கலங்கவும் கூடும். கோபம் வரும். இத்தனை வருடத்தை வீணாக்கிவிட்டேனே என்ற துக்கம் வரும். அப்படி வந்தால் வழி தவறிவிட்டோம் என்று எண்ண வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் என்னைத் தடுத்து நிறுத்திய சொல் "கண்டி". மறைப்பதற்காக எடுத்த சொல் என்று அதைச் சொல்கிறீர்கள். தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்குப் புறப்பட்ட உங்கள் முன்னோர் வாயில் இந்த மலைநாடு முழுவதற்கும் பெயர் "கண்டிச் சீமை". கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தார்கள். காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். தம்பி நடந்த பாதை அதுதான். நீங்கள் பொய் என்று நினைத்துச் சொன்ன சொல்லும் அங்கிருந்து வந்ததுதான். தம்பியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

வெட்கத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்வது மனநலத்துக்கான வேலைதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். 1947 தேர்தலில் மலையக மக்களின், அதாவது தோட்ட வேலைக்கு வந்த தமிழர்களின், வாக்கால் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. அடுத்த வருடமே, 1948-இன் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இந்த நாட்டில் பிறந்தவர், அல்லது தகப்பனின் தகப்பனும் அவருக்கு முந்தியவரும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். லயத்துக் காம்பராவில் மருத்துவச்சி கையில் பிறந்தவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் எங்கே இருந்தது? ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர் நாடற்றவர் ஆனார்கள். வாக்கும் போயிற்று. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. அண்ணன் அங்கே, தங்கை இங்கே என்று குடும்பங்கள் கிழிந்தன. தலைமன்னார் போகும் புகையிரதத்துக்கு நம்மவர்கள் வைத்த பெயர் "ஒப்பாரிக் கோச்சி". நீலகிரியில் போய் இறங்கியவர்களை அங்கே "சிலோன்காரர்" என்றார்கள். இங்கே இந்தியர், அங்கே சிலோன்காரர். எஞ்சியிருந்த நாடற்றவர்களின் பிரச்சினையைத் தீர்க்க இந்த நாடு 2003 வரை எடுத்துக்கொண்டது.

உங்கள் அம்மாவுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும் என்று கணிக்கிறேன். அப்படியானால் பெரும்பாலும், அவர் பிறந்தபோது இந்தத் தீவிலும் அவர் குடிமகள் இல்லை, எந்த நாட்டிலும் இல்லை. "தோட்டக்காட்டான்", "கள்ளத்தோணி" என்ற சொற்கள் தெருவில் விளைந்தவை என்று நினைக்கிறோம். அவற்றுக்கு உரம் போட்டவை இந்தச் சட்டங்களும் ஒப்பந்தங்களும். இதைப் படித்தபின் என்னிடம் வந்த ஒரு பெண், "நான் இத்தனை நாளும் என்னிடம் என்ன குறை என்று தேடிக்கொண்டிருந்தேன் மிஸ்" என்று சொல்லிவிட்டு வெகு நேரம் பேசாமல் இருந்தார். வெட்கம் யாருடையது என்று தெரிந்துகொண்டால், அதைத் தூக்கித் திரிவதா கீழே வைப்பதா என்று முடிவெடுக்கலாம்.

குடிசன மதிப்பீட்டில் சொன்னதை நினைத்து உங்களையே அடித்துக்கொள்ளாதீர்கள். 1953-இல் இந்த நாட்டு மக்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் "இந்தியத் தமிழர்" என்று பதிவானார்கள். 2012-இல் நூற்றுக்கு நான்கு பேர். பெரும் பகுதி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டதால் குறைந்தது. இன்னொரு பகுதி, உங்களைப் போல வாசலில் நின்று "இலங்கைத் தமிழர்" என்று சொன்னவர்கள். பயத்தால் சொன்னவர்கள் உண்டு. இருநூறு வருடமாக இங்கே வாழ்ந்தும் எங்களை ஏன் இந்தியர் என்கிறீர்கள் என்ற நியாயமான கோபத்தால் சொன்னவர்களும் உண்டு. "மலையகத் தமிழர்" என்ற பெயரே இந்தக் கோபத்திலிருந்து, அறுபதுகளின் படித்த இளைஞர்களும் ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் ஊன்றி வளர்த்த பெயர். வெளியார் வைத்த பெயரை விழுங்காமல், தேடி, தங்களுக்கென்று ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். ஃபின்னி தனி மனிதரிடம் பார்த்த அதே பயணத்தை ஒரு சமூகம் முழுவதும் நடந்திருக்கிறது. கடைசியாக நடந்த கணக்கெடுப்பில் அந்தப் பெயருக்கும் படிவத்தில் இடம் கிடைத்துவிட்டது. ஆனால் அம்மா எழுந்து போனது படிவத்துக்காக என்று நான் நினைக்கவில்லை. தன்னைக் கேட்காமல் தனக்கும் சேர்த்துப் பதில் சொல்லப்பட்டதற்காகப் போயிருப்பார்.

தம்பியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவனும் நீங்களும் ஒரே காயத்துக்கு வேறு வேறு வைத்தியம் செய்துகொண்டவர்கள். தன் அடையாளத்தைப் புதிதாகக் கண்டெடுத்தவர்களுக்கு அதில் முழுகிக் கிடக்கும் காலம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் கூட நடக்காதவர்கள் எல்லோரும் எதிரிகளாகத் தெரிவார்கள். பெரும்பாலும் அது தணியும். அவனோடு வாதாடாதீர்கள். நடந்தபோது எடுத்த படங்கள் இருந்தால் மகளுக்குக் காட்டச் சொல்லுங்கள்.

இனி மகளிடம் வருவோம். கடிதத்திலேயே உங்களை அதிகம் கலக்கியது இதுதான் என்று தெரிகிறது.

ஒன்பது வயதுப் பிள்ளை அந்தச் சொல்லைச் சொன்னதால் அவள் கெட்ட பிள்ளை ஆகிவிடவில்லை. 1940-களில் அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர்களான கணவன் மனைவி, மூன்று முதல் ஏழு வயதுவரையான 253 கறுப்பினக் குழந்தைகள் முன் வெள்ளைப் பொம்மையையும் பழுப்புப் பொம்மையையும் வைத்து, "எதோடு விளையாட விருப்பம்? எது நல்ல பொம்மை?" என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். "எது உன்னைப் போல இருக்கிறது?" என்று கேட்டபோது சில பிள்ளைகள் அழுதுகொண்டு அறையை விட்டே ஓடினார்கள். பாடசாலைகளில் இனவாரியாகப் பிள்ளைகளைப் பிரிப்பதற்கு எதிராக 1954-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில் கென்னத் கிளார்க்கின் கட்டுரை ஒன்றும் மேற்கோள் காட்டப்பட்டது. யார் மேல், யார் கீழ் என்பதைப் பிள்ளைகள் காற்றிலிருந்து உறிஞ்சிக்கொள்கிறார்கள். யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை. உங்கள் மகளும் அப்படித்தான் உறிஞ்சியிருக்கிறாள். நீங்கள் எதுவும் சொல்லாமல் இருந்ததால், வான் வண்டியில் கேட்டதே அவளுக்குப் பாடமாகிவிட்டது.

அதட்டாதீர்கள். அதட்டினால் அது கேட்கக்கூடாத விஷயம் என்று மட்டுமே அவள் படிப்பாள். அமைதியான ஒரு நேரத்தில், "அன்றைக்கு ஒரு சொல் சொன்னாயே, அதை எங்கே கேட்டாய்?" என்று கேளுங்கள். அவள் சொல்லட்டும். "தோட்டத்தில் வேலை செய்கிறவர்களை இழிவாக்க அந்தச் சொல்லைச் சொல்கிறார்கள். நான் தோட்டத்தில் பிறந்தேன். அம்மம்மா தோட்டத்தில் வேலை செய்து என்னைப் படிக்க வைத்தார். அன்று அதைக் கேட்டபோது எங்கள் இரண்டு பேருக்கும் வலித்தது." இவ்வளவு போதும். முதல் நாளிலேயே 1948-ஐயும் 1964-ஐயும் கொண்டுவர வேண்டாம். அவள் அழலாம், அல்லது "அப்படியா?" என்று கேட்டுவிட்டு விளையாடப் போய்விடலாம். இரண்டும் சரிதான். ஒரு வாரம் கழித்துக் கேள்வி வரும்.

கேள்வி வரும்போது கொடுக்கக் கதை இருக்க வேண்டும். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக், ரொபின் ஃபிவுஷ் என்ற இருவர் பிள்ளைகளுக்கு இருபது கேள்விகள் கொடுத்துப் பார்த்தார்கள். தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள், அப்பாவும் அம்மாவும் எப்படிச் சந்தித்தார்கள், குடும்பத்துக்கு நேர்ந்த பெரிய கஷ்டம் எது, இந்த மாதிரிக் கேள்விகள். குடும்பக் கதை அதிகம் தெரிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும் உறுதியும் கூடுதலாக இருந்தன. கதையைச் சொல்லும் விதத்திலும் கவனம் வேண்டும் என்றார்கள். "ஒன்றுமில்லாமல் இருந்தோம், இப்போது உயர்ந்துவிட்டோம்" என்று ஏறிக்கொண்டே போகும் கதையைவிட, விழுந்ததும் எழுந்ததும் மாறி மாறி வருகிற கதை பிள்ளைக்கு அதிகம் தாங்கும் பலம் தருகிறது. உங்களைப் போன்றவர்கள் ஏறுமுகக் கதையைத்தான் சொல்ல விரும்புவீர்கள். அதில் ஓர் ஆபத்து உண்டு. லயத்தை வெறும் இருட்டாகவும் கொழும்பை வெளிச்சமாகவும் காட்டினால், அந்தக் கதையில் அம்மம்மா இருட்டுப் பக்கத்திலேயே நின்றுவிடுவார்.

லயத்தில் இருட்டு மட்டும் இருந்திருந்தால் அம்மா நாற்பது வருடம் தாக்குப்பிடித்திருக்க மாட்டார். மாசி மாதத்தில் காமன் கூத்து ஆடி, மன்மதன் எரிந்ததும் ஊரே அழுத இரவுகள் அவருக்கு நினைவிருக்கும். தேயிலை ஸ்டோரின், அதாவது தொழிற்சாலையின், பெரிய சக்கரத்துக்குள் ஒரு தெய்வம் குடியிருப்பதாக நம்பி, அதற்கு "ரோதை முனி" என்று பெயர் வைத்துக் கும்பிட்ட மக்கள் உங்கள் மக்கள். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போகுமுன் கும்பிடக் கவ்வாத்துச் சாமி. துரை கொண்டுவந்த இயந்திரத்துக்குள்ளும் தங்கள் சாமியை உட்கார வைத்த மனத் தெம்பை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இதை மகளிடம் சொல்லுங்கள். அவளுக்குக் கட்டாயம் பிடிக்கும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். "வெளியாரை நம்பாதே, எல்லோரும் எங்களை இழிவாகத்தான் நினைப்பார்கள்" என்று சொல்லி வளர்க்காதீர்கள். கறுப்பினக் குடும்பங்களிடையே இதைப் பல வருடமாக ஆராய்ந்திருக்கிறார்கள். தங்கள் வரலாற்றையும் பெருமையையும் சொல்லி வளர்த்த பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். அவநம்பிக்கையை ஊட்டி வளர்த்தவர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. அவளுடைய அப்பா யாழ்ப்பாணத்தவர் என்பதையும் மறக்க வேண்டாம். அவளுக்கு இரண்டு ஊர். எது கூட, எது குறைவு என்று அவளைத் தராசு பிடிக்க விடாதீர்கள்.

மகளிடம் சொல்லுமுன் ஒரு வேலை இருக்கிறது. உண்மையைச் சொல்லிவிட்டு, "இதை அப்பம்மாவிடம் சொல்லிவிடாதே" என்று ஒருபோதும் சொல்லக்கூடாது. சொன்னால் உங்கள் காவல் வேலையை ஒன்பது வயதுத் தோளுக்கு மாற்றியதாகிவிடும். எனவே மாமிக்குத் தெரியவேண்டும், அதுவும் முதலில் தெரியவேண்டும். அதைச் சொல்ல வேண்டியவர் உங்கள் கணவர். கிளாக்கர் கதையை இருவரும் சேர்ந்துதான் கட்டினீர்கள். தன் தாயிடம் அதை அவிழ்ப்பது அவருடைய பொறுப்பு. மாமி கோபிக்கலாம். பொய் சொன்னதற்காகக் கோபித்தால் அதற்கு மன்னிப்புக் கேளுங்கள். பிறப்புக்காகக் கோபித்தால் அதற்கு நீங்கள் மன்னிப்புக் கேட்கவே கூடாது. இந்த இடத்தில் கணவர் உங்கள் பக்கம் நிற்க வேண்டும், வாய் திறந்து நிற்க வேண்டும். நடுவில் நின்று இரண்டு பக்கமும் சமாதானம் பேசினால் போதாது. யாழ்ப்பாணத்தவள் என்ற உரிமையில் இதை அவருக்குச் சொல்கிறேன்.

அலுவலகத்தில் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. யாரிடம், எப்போது என்பது உங்கள் விருப்பம். வீட்டுக்குள் காவல் வேலை முடிந்துவிட்டால், வெளியே "எந்த ஊர்?" என்று கேட்கும்போது வாய் என்ன சொல்கிறது என்று பாருங்கள். எனக்குத் தெரிந்த பலருக்கு அது ஒருநாள் தானாகவே வந்துவிட்டது.

உறக்கத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஒரு மாதமாகச் சரியான உறக்கம் இல்லை என்பதைச் சின்ன விஷயமாக விடக்கூடாது. காலையில் எழவே மனம் வராமல் இருந்தால், சாப்பாடு இறங்காவிட்டால், வாழ்ந்து என்ன என்ற எண்ணம் ஒரு தடவை வந்தால்கூட, உடனே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் அம்மா இருக்கிறார். முதல் படி அங்கேதான். முதுமையில் மனம் தன் வாழ்க்கையைத் திரும்ப எடுத்துப் பார்க்கிறது. ரொபேர்ட் பட்லர் என்ற அமெரிக்க மருத்துவர் 1963-இல் இதைப் பற்றி எழுதும்வரை, முதியவர்கள் பழங்கதை பேசுவதை மூளைத் தளர்ச்சி என்றுதான் நினைத்திருந்தார்கள். கேட்க ஒருவர் இருந்தால் அந்தத் திரும்பிப் பார்த்தலில் ஓர் ஆறுதல் கிடைக்கிறது. உங்கள் அம்மாவுக்கு இரண்டு வருடமாகக் கேட்க ஆளில்லை. மகளின் வீட்டில் தன் வாழ்க்கை மறைக்கப்பட வேண்டிய ஒன்று என்பதும் அவருக்குத் தெரியும். பெரிய மன்னிப்புப் பேச்சு ஒன்றும் வேண்டாம். "அன்றைக்கு உங்களைக் கேட்காமல் சொல்லிவிட்டேன் அம்மா" என்ற ஒரு வாக்கியம் போதும். இந்தியா போன உறவினர், இறந்த பிள்ளைகள் என்று பேச்சு எங்காவது போய் அவர் நின்றுவிட்டால், நீங்களும் அங்கேயே நின்றுவிடுங்கள். தோண்ட வேண்டாம்.

அவர் நான்கரைக்கு எழுந்து இருட்டில் உட்கார்ந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். காலை ஆள்கணக்கெடுப்பான பெரட்டுக்குத் தப்பு அடிக்குமுன் எழுந்து, ரொட்டி தட்டி, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் பிள்ளைகளை விட்டு, இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு மலைக்கு ஓடிய உடம்பு அது. வேலை நின்று போனாலும் அந்த மணி அவருக்கு நிற்கவில்லை. நாளைக் காலை நீங்களும் எழுந்து, தேநீர் ஊற்றி ஒரு கோப்பையை அவர் கையில் கொடுத்து, பக்கத்தில் உட்காருங்கள். தோட்டத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருக்கும், நம்மவர்கள் கூப்பிட்ட பெயர் வேறாக இருக்கும். அதைக் கேளுங்கள். பிறகு, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிய முதல் நாள் அவருக்கு என்ன வயது என்று கேளுங்கள்.